காலூன்ற ஓர் இடம்

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்கு வந்திருக்கும் பெண் பிள்ளைகளே, உங்கள் பெரியம்மா வயதில் இருக்கும் நான் இன்று பேசப்போவது காதலைப் பற்றி. பயப்படாதீர்கள், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

2000-ல் வந்த ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலம், ஜேன் ஆஸ்டின் எழுதி 1811-ல் வெளிவந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல். அக்கா எலினோர் எதையும் மனசுக்குள் பூட்டிவைப்பவள். தங்கை மரியான் கொட்டித் தீர்ப்பவள். அக்காவைப் போல இரு என்று பெரியவர்கள் இதிலிருந்து பாடம் எடுப்பார்கள். நான் அப்படி எடுக்க மாட்டேன். இரண்டு பேரும்தானே அழுகிறார்கள்?

அழவைத்தது எது? அப்பா இறந்ததும் வீடும் நிலமும் மூத்த தாரத்து மகன் கைக்குப் போய்விடுகின்றன. தங்கைகளுக்கு 3,000 பவுண்டு கொடுக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைக்கிறான். மனைவியோடு பேசப் பேச அது பாதியாகிறது, பிறகு எப்போதாவது ஒரு தொகை என்றாகிறது, கடைசியில் வீடு மாற்ற உதவி, அவ்வப்போது கொஞ்சம் மீன் என்று முடிகிறது. அம்மாவும் மூன்று பெண்களும் ஆண்டுக்கு 500 பவுண்டில் காலம் தள்ள வேண்டும். மரியானை உருகவைத்த வில்லோபி, 50,000 பவுண்டு உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. தொழிற்சாலைகள் வந்து நிலத்தின் விலை ஏறியதும், கட்டிக்கொடுத்த பெண்களை அண்ணன் தம்பிகள் தேடி வந்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார்கள். 'அண்ணன் சீர் செய்வான்' என்ற வாய்ச்சொல்லை நம்பி, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சீர் வருஷா வருஷம் சுருங்கி, பொங்கலுக்கு ஒரு புடவையில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எலினோருக்கு இல்லாத சட்டம் உங்களுக்கு இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சொன்னது. அப்போது மணமாகியிருந்த பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத்தில் அந்தப் பாகுபாடும் போனது. கூடப்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்க மனசிருந்தால் கொடுங்கள். ஆனால் பத்திரத்தைப் படித்து, கொடுப்பது இன்னதென்று தெரிந்து கொடுங்கள்.

எலினோருக்கு இல்லாத இன்னொன்று, மாதச் சம்பளம். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேரும் சொந்தக் கையால் சம்பாதிக்க வந்தவர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள், ஆனால் ஏடிஎம் கார்டு உங்கள் பையில் இருக்கட்டும். உங்கள் பெயரில் கொஞ்சம் சேரட்டும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்கே லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற இளம் பெண்கள்தான். எந்த வேலையும் நிரந்தரம் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்து, மனசு. தான் விரும்பியவனுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்தும், எலினோர் நான்கு மாதம் அதைத் தங்கையிடம்கூடச் சொல்லாமல் சுமக்கிறாள். நீங்கள் அப்படிச் சுமக்க வேண்டாம். கூடப்பிறந்தவள் ஊரில் இருந்தால் என்ன, ரூமில் ஒருத்தி இருப்பாளே, அவளிடம் பேசுங்கள். "நம்ம விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது" என்று உங்களுக்குப் பிடித்தவன் சொன்னால், அதைத்தான் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்.

ஒருவனைப் பிடித்துவிட்டால் அவனிடம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: "அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல. எங்க வீட்டுல இருந்தும் எதுவும் வராது." வில்லோபியாக இருந்தால் போன் வருவது குறையும். முகம் மாறாமல், "சரி, ரெண்டு பேரும் பாத்துக்கலாம்" என்றால், பத்திரிகை அடிக்கும்போது எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.