சாந்தி அக்காவும் என் வாய்த்துடுக்கும்



போன வருஷம் நம்ம விளையாட்டு விழாவில் பெண்கள் 400 மீட்டர் ஓட்டம். ஜூனியர் தங்கை ஒருத்தி மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டு ஓடி வந்தாள். "டேய், அது பொண்ணா பையனாடா?" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். பரிசு வாங்க அவள் மேடைக்கு வரவேயில்லை.

அன்றிரவு வேப்பந்தட்டையில், வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "புதுக்கோட்டைப் பொண்ணு சாந்தியையும் இப்படித்தான் பேசுனாங்க. நீ படிக்கிற பிள்ளைதானே?" என்றார். பள்ளிக்கூடம் பார்க்காத அம்மாவின் கேள்வி சுருக்கென்று தைத்தது. தேடிப் படித்தேன்.

சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். பிறகு பாலினச் சோதனை. பதக்கம் பறிபோனது. ஒரு பெண்ணின் அந்தரங்கம் ஊரெல்லாம் செய்தியானது!

எக்ஸ் எக்ஸ் என்றால் பெண், எக்ஸ் ஒய் என்றால் ஆண் என்று பத்தாம் வகுப்பில் படித்தோம். அது முழுக்கதை அல்ல. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு கருவில் விரைகள் உருவாகத் தூண்டுகிறது. அவை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோனை ஏற்கும் தன்மை உடம்பில் அறவே இல்லையென்றால்? ஒய் இருந்தும் குழந்தை பெண்ணுருவில் பிறந்து, பெண்ணாகவே வளரும். ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தினோ இப்படிப்பட்டவர். 1985-இல் சோதனையில் தோற்றார். போராடி 1988-இல் மீண்டும் அனுமதி பெற்றார்.

நம்ம ஒர்க்ஷாப்பில் துளைக்குப் பிளக் கேஜ் விடுவோம். 'கோ' பக்கம் நுழைந்து, 'நோ கோ' பக்கம் நுழையாவிட்டால் பாஸ், இல்லையேல் ரிஜெக்ட். மனுஷ உடம்பு என்ன லேத்தில் கடைந்த பீஸா?

2025 செப்டம்பர் முதல் உலக தடகள அமைப்பு, பெண்கள் பிரிவுக்கு எஸ்.ஆர்.ஒய். சோதனையைக் கட்டாயமாக்கியது. போட்டியில் நியாயம் வேண்டும், சரிதான். ஆனால் முடிவு எதுவானாலும் அந்தப் பெண்ணின் மானம் காக்கப்பட வேண்டாமா?

சாந்தி அக்கா மறுபடியும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். பிறகு பயிற்சியாளராகி, பிள்ளைகளை ஓட வைத்தார். அந்த மனவுறுதி எல்லோருக்கும் வாய்க்குமா?

அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றாள். ஆனால் இந்த வருஷம் அவள் பெயர் கொடுக்கவில்லை. ஒரு சோதனையும் இல்லாமல், என் ஒற்றை வார்த்தையே அவளை மைதானத்திலிருந்து விரட்டிவிட்டது.

அடுத்த வருஷம் ஓடும்மா. கைதட்ட நாங்கள் இருக்கிறோம்!