எமது வண்டியின் நடுக்கம்

பழம்பொருள் ஒன்றைப் பேணி வைத்திருப்போர்க்கு ஒரு தீய வழக்கம் உண்டு. அப்பொருள் பழுதுற்றால் அதன் முதுமையை நோவதற்கு மனம் வாராது. இறுதியாக அதனைத் தொட்ட தொழிலாளியையே நோவர். இப்பிழையை யாமும் செய்தோம். இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதுமாறு தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் பணித்தபோது, கற்றோர் அவைக்கு இது தகுமோ என்று ஐயுற்றோமாயினும், எமது மனத்தை உறுத்திக் கொண்டிருந்த செய்தி இஃது ஒன்றேயாதலின் இதனையே எழுதத் துணிந்தோம்.

எமது இல்லம் புதுச்சேரியின் வட பாகத்திலுள்ள கருவடிக்குப்பத்திலே, சித்தானந்த சுவாமிகள் கோயிலுக்குச் சிறிது தொலைவில் ஒரு சந்தில் உள்ளது. 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியார் நாடிச் சென்ற குயில் தோப்பு இவ்வூரைச் சார்ந்ததே. இந்நாளில் குயிலின் குரலினும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் வண்டிகளின் குரலே எம் செவிக்கு மிகுதியாக எட்டுகின்றது. அவற்றினிடையே ஒரு முதிய குரல் எமது தந்தையார் விட்டுச் சென்ற அம்பாசடர் வண்டியினுடையது. வங்காளத்து உத்தரபாராவிலே 1958 முதல் 2014 வரை செய்யப்பெற்ற இவ்வண்டி, ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழித்தோன்றல் என்பதை நேயர்கள் அறிவர். 2017-ஆம் ஆண்டில் அப்பெயரை மட்டும் பெஜோ என்னும் பிரெஞ்சுக் கம்பெனியார் 80 கோடி ரூபாய்க்கு வாங்கினர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை விட்டுச் சென்றும் எம் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியின் பெயரைக் கைக்கொண்டனரே என்று யாம் அப்போது நகைத்ததுண்டு. எம்முடையது 1986-இல் வாங்கப்பெற்றது. 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள பெட்ரோல் யந்திரம் பூண்டது.

சென்ற ஆண்டு இவ்வண்டிக்கு நடுக்கம் கண்டது. நின்றபடி யந்திரம் மெதுவாக ஓடும்போது, தொழிலாளர் ஐட்லிங் என்று கூறும் அந்நிலையிலே, கைச்சக்கரமும் கியர்க் கோலும் முன் கண்ணாடியும் ஒருங்கே அதிர்ந்தன. வேகம் கூடியதும் அதிர்வு ஓரளவு அடங்கும். கிளட்சை விட்டு வண்டி கிளம்புங்கால் தரையின் கீழே 'டொக்' என்றோர் ஓசை எழும். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த எமது அன்னையார், "அப்பா ஓட்டியபோது இப்படி உதறியதில்லையே" என்றார். அச்சொல் எமக்குச் சுருக்கென்றது.

இதற்கு இரு கிழமைகளுக்கு முன்னரே, தந்தையார் காலந்தொட்டு இவ்வண்டியைப் பழுது பார்த்து வரும் மேஸ்திரியார் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தார். ஆதலின் குற்றவாளி யாரென்று யாம் ஆராயவே இல்லை. அவரது பட்டறைக்குச் சென்று, அவரிடம் தொழில் பயிலும் பையன்கள் இருவர் முன்னிலையில், "கை நடுங்கத் தொடங்கிவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும், மேஸ்திரி" என்று கூறினோம். கூலியிற் பாதியையும் பிடித்துக் கொண்டோம். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை. "டேப்பெட் மூடியின் கார்க்கை மாற்றிவிட்டீர்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அதில் எண்ணெய் கசிகின்றதென்று ஈராண்டுகளாக அவர் சொல்லி வந்தார். யாமும் பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லி வந்தோம். அன்று அவ்வினா எமக்குப் பேச்சை மாற்றும் தந்திரமாகவே பட்டது.

பின்னர் நகரிலுள்ள வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அவர்கள் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினர். கார்புரேட்டரின் திருகுகளைத் தம் மனம்போல் திருகினர். இறுதியில் யந்திரத்தையே இறக்கி சிலிண்டர்களைக் கடைய வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை, வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையினும் பெரிது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐயாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டுமன்றோ? அத்தவணையும் அண்மித்திருந்தது. பழைய இரும்பு வாங்குவோர் ஒருவரும் வந்து பார்த்துச் சென்றார். அன்றிரவு எமது அன்னையார் உணவு கொள்ளவில்லை.

மறுநாள் மாலை, வண்டியைச் சந்தின் ஓரமாக நகர்த்தி நிறுத்துமாறு எமது மகனிடம் கூறினோம். ஓசை எங்கிருந்து எழுகின்றதென்று இறுதியாக ஒருமுறை கேட்போம் என்னும் எண்ணத்தால் பானட்டைத் திறந்தபடியே விட்டு, யாம் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். அவன் முதற் கியரிலிட்டுப் பிரேக்கை மிதித்தவாறே கிளட்சைச் சிறிது தளர்த்தினான். அந்தக் கணத்தில் யந்திரம் முழுவதும், உறங்கும் எருமை புரள எழுவது போல, தன் இடப்பக்கத்தைத் தூக்கி எழுந்தது. கிளட்சை மிதித்ததும் 'டொக்' என்று விழுந்தது. மீண்டும் செய்யச் சொன்னோம், மீண்டும் எழுந்தது. மின்கைவிளக்கைக் கொண்டு குனிந்து நோக்கினோம். யந்திரத்தை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் இடப்பக்கத்து ரப்பர், எண்ணெயில் ஊறிப் பருத்து, இரும்புத் தகட்டினின்றும் பிளந்து தனியே நின்றது. மேலே டேப்பெட் மூடியினின்றும் ஒரு கரிய கசிவு அதன் மேலேயே வழிந்திருந்தது.

இவ்விடத்தில் அந்த ரப்பரின் தொழிலைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நான்கு சிலிண்டர் உள்ள யந்திரத்தில் தண்டு ஒருமுறை சுழலும்போது இருமுறை எரிவாயு வெடிக்கின்றது. நிமிடத்திற்கு 700 சுற்று வீதம் மெல்ல ஓடும்போது வினாடிக்கு ஏறக்குறைய 23 அடிகள் யந்திரத்தின் உடலில் விழுகின்றன. அன்றியும், யந்திரம் சக்கரத்தை ஒரு புறமாகத் திருக, அதே அளவு விசை யந்திரத்தை மறுபுறமாகத் திருகும். முதற் கியரில் இவ்விசை பன்மடங்காகும். முன்னே செல்லுங்கால் இடப்பக்கம் எழும், பின்னே செல்லுங்கால் வலப்பக்கம் எழும். எம் கல்லூரிப் பௌதிக வகுப்பிலே நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி ஒப்பித்துப் பாராட்டுப் பெற்றவர் யாம்! அவ்விதி எம் வீட்டு வாயிலில் டொக்கென்று கதவைத் தட்டியபோது, அதனை அடையாளங் காணவில்லை.

முற்கால வண்டிகளில் யந்திரத்தைச் சட்டத்தோடு இறுகவே முடுக்கியிருந்தனர்; ஏறியமர்ந்தோர் எலும்பெல்லாம் அதிரும். 1931-இல் அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியார் தமது பிளிமத் வண்டியிலே யந்திரத்தை ரப்பரின் மேல் மிதக்கவிடும் முறையை வெளியிட்டுப் புகழ் பெற்றனர். அடுத்த ஆண்டே பிரான்சு நாட்டுச் சித்ரோவன் கம்பெனியார் அம்முறையின் உரிமையைப் பெற்று, 'மிதக்கும் யந்திரம்' என்று பெயரிட்டு, நீரில் மிதக்கும் அன்னப்பறவையைத் தம் வண்டிகளுக்குச் சின்னமாக வைத்தனர். தமிழருக்கு அன்னத்தின் நடையைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. எமது அன்னமோ இறகொடிந்து கிடந்தது. அம்பாசடரில் முன்னே இருமருங்கிலும், பின்னே கியர்ப் பெட்டியின் கீழும் இத்தகைய ரப்பர்கள் உள்ளன. ஆண்டுக்கணக்கான வெப்பத்தால் ரப்பர் கல்லாகும். அப்போது அதிர்வைத் தடுக்காது கடத்தும். எண்ணெய் பட்டாலோ அதனை உறிஞ்சிப் பருத்து, மெலிந்து, இரும்பை விட்டு நீங்கும். எம் வண்டியில் வலப்பக்கத்தது முதல்வகை நோயுற்றது, இடப்பக்கத்தது இரண்டாம்வகை. ஒரு சிலிண்டர் எரியாமையால் உண்டாகும் நடுக்கமாயின் தாளம் தவறித் தவறி வரும். எம் வண்டியின் நடுக்கமோ தாளந்தவறாதது. இவ்வேறுபாட்டையும் பின்னரே அறிந்தோம்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலே, வண்டி செய்தோர் தொழிலை நிறுத்தி ஆண்டுகள் பல சென்றும், அம்பாசடரின் உறுப்புகள் கிடைக்கின்றன. மூன்று ரப்பர்களும் ஒரு கார்க் பேக்கிங்கும் வாங்கினோம். பட்டறைக்காரர் கேட்ட தொகையில் நூற்றில் ஒரு பங்கும் ஆகவில்லை. அவற்றை வாங்குதல் எளிதாயிருந்தது. மேஸ்திரியாரின் பட்டறை வாயிலில் இறங்குதல் அத்துணை எளிதாயில்லை. இருமுறை அவ்வழியே சென்று நில்லாது திரும்பினோம் என்பதையும் மறைக்கமாட்டோம்.

மூன்றாம் முறை நின்றோம். பையன்கள் இருவரும் அங்கிருந்தனர். "மேஸ்திரி, தவறு உம்முடைய கையில் இல்லை; எம்முடைய சோம்பலில் இருந்தது" என்று அவர்கள் கேட்கவே கூறினோம். அவர் ரப்பரைக் கையில் வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "முதலில் மூடியின் கார்க்கை மாற்றுவோம், ஐயா. இல்லையேல் இதுவும் ஆறு மாதத்தில் போய்விடும்" என்றார்.

அவ்வாறே செய்தார். பின்பு மின்கலத்தின் கம்பியை நீக்கி, எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒரு கனத்த பலகையை வைத்து, அதன் கீழே ஜாக்கியை நிறுத்தினார். பலகையின்றி ஜாக்கியை வைத்தால் தொட்டி நசுங்கும் என்று பையன்களுக்கு உரைத்தார். ரேடியேட்டர்க் குழாயும் விசிறியும் எங்கும் இடியாதபடி ஒருவனைக் காவல் நிறுத்தி, யந்திரத்தை விரல் உயரமே தூக்கினார். இருபுறத்து ரப்பர்களையும் ஒருங்கே மாற்றினார். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக விட்டால் புதியதே சுமையெல்லாம் தாங்கிக் கெடுமாம். மரையாணிகளைக் கையளவிலேயே முடுக்கி, யந்திரத்தை இறக்கி, இருகையாலும் அசைத்து அது தன் இடத்தில் அமர்ந்த பின்னரே ஸ்பேனரால் இறுக்கினார். பின்புறத்ததையும் மாற்றி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது.

வண்டியைக் கிளப்பினோம். அவர் செவி சாய்த்துக் கேட்டு, பிறர் திருகி வைத்திருந்த கார்புரேட்டரின் திருகைத் தாம் முன்பு வைத்திருந்த அளவிற்கே திருப்பினார். கைச்சக்கரத்தின் மேல் வைத்த எமது கையில் அதிர்வு ஏதும் தெரியவில்லை. அன்றைக் கூலியோடு, பிடித்து வைத்திருந்த பாதியையும் சேர்த்து நீட்டினோம். எண்ணாமலே சட்டைப் பையிலிட்டுக் கொண்டார். பிளந்த ரப்பரை யாம் எடுத்து எறியப் போகையில், "அது இருக்கட்டும், ஐயா, பையன்களுக்குக் காட்ட வேண்டும்" என்று வாங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார்.