வல்வைக் காற்றும் நுரை விமானமும்

தைப்பொங்கலன்று பிற்பகலில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குச் செல்வோர் வானத்தையன்றி வேறெதனையும் பார்ப்பதில்லை. வாடைக்காற்று ஓயாது வீச, பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. கொக்கு, பிராந்து, பாம்பு, எட்டுமூலை என்னும் பழைய வகைகளோடு கப்பல், விமானம் போன்ற உருவங்களும் அங்கே போட்டிக்கு வருவதைக் காண்கிறோம். மூங்கிற் சிம்பும் வர்ணத்தாளும் கொண்டு செய்த விமானம் ஒன்று நூலின் நுனியில் ஏறுவதைக் கண்ட சிறுவன், நூலே இல்லாமல் அதனைப் பறக்கவிட ஆசைப்படுவதில் வியப்பென்ன?

அவ்வாசைக்கேற்ற பொருள் இன்று உண்டு. பற்றறியால் இயங்கி, வானொலி அலையின் உதவியால் தரையிலிருந்தே செலுத்தப்படும் நுரை விமானமே அது. கடைகளில் ரெஜிபோம் என்று கேட்டு வாங்கும் வெண்பலகைக்கு இது உறவு. ஆயினும் அதனைப்போல் உதிராமல் வளைந்து கொடுப்பது. முறிந்தாலும் பசையிட்டு ஒட்டிப் பெரும்பாலும் மீண்டும் பறக்கவிடலாம். புதிதாகப் பழகுவோர் விழுத்தாமல் பழகுவதில்லை ஆதலின், இக்குணமே முதன்மையானது.

பட்டம் கட்டத் தெரிந்த வடமராட்சிப் பிள்ளைக்கு இதிற் பாதிக் கல்வி முன்னரே முடிந்துவிட்டது என்போம். முச்சையின் முடிச்சை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் பட்டத்தின் போக்கே மாறுவதை அவன் அறிவான். விமானத்தில் அந்த வேலையைச் செய்வது பற்றறி இருக்கும் இடம். பாரமையமானது சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையே அமைதல் வேண்டும். பற்றறி சற்றுப் பின்தள்ளினால் வால் கனத்து, விமானம் கைக்கு அடங்காது. சிறகைத் திருகி விமானத்தைச் சமன்செய்யும் முறையை வில்பர் ரைட் 1899இல் முதலிற் சோதித்ததும் ஒரு பட்டத்திலேதான்.

மற்றப் பாதியோ நேர்மாறானது. பட்டத்துக்கு உயிரான காற்றே நுரை விமானத்துக்குப் பகை. 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பெரும் பட்டமொன்று, கயிற்றைப் பற்றியிருந்த இளைஞர் ஒருவரையே அந்தரத்தில் தூக்கிச் சென்றது. நல்லவேளையாக அவர் உயிர்தப்பினார். அவுஸ்திரேலியாவின் ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில் லோறன்ஸ் ஹார்கிரேவ் என்பார் 1894இல் நான்கு பெட்டிப் பட்டங்களைத் தொடுத்து 16 அடி உயரம் எழுந்தார். அவர் எழுந்தது விரும்பி. நம்மவர் எழுந்தது விரும்பாமல்! ஆளையே தூக்கும் காற்றில், ஒரு கிலோவும் நிறையாத நுரை எம்மட்டு?

ஆகவே வாடை தணிந்து சோளகம் தொடங்குமுன் வரும் பங்குனி, சித்திரை நாட்களில், வெயில் ஏறாத காலைவேளையே பழகுதற்கு உகந்தது. அறுவடை முடிந்த வயல்வெளி நல்ல இடம். விழுந்தாலும் மண் அதிகம் வருத்தாது. வல்லை வெளி மரமற்றதுதான். ஆனால் அங்கே காற்று ஓய்வது அரிது. அன்றியும் 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி அதிக தொலைவில் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறியாமல் எவ்விடத்திலும் தொடங்கலாகாது. மெய்யான விமானத்தின் வழியில் விளையாட்டு விமானம் குறுக்கிடுவது விளையாட்டன்று.

முதல் விமானத்துக்குச் சிறகு உடலின் மேற்புறத்தில் இருப்பது நல்லது. அது சாய்ந்தாலும் தானே நிமிர முயலும். எதிர்க்காற்றில் ஏற்றி, எதிர்க்காற்றிலேயே இறக்குக. விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் இடம் நமக்கு வலமாகிவிடும். கை தடுமாறுவது அங்கேதான். எந்தச் சிறகு தாழ்கிறதோ அந்தப் பக்கம் பிடியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும் என்று மனத்தில் வைத்தாற் போதும். லிதியம் பற்றறிக்கு மின்னேற்றும்போது மாத்திரம் அருகிலேயே இருத்தல் வேண்டும். தீப்பற்றக்கூடிய பொருள் அது.

இனி, குடாநாட்டுக்கே உரிய இடையூறு ஒன்றுண்டு: பனை. வட்டுக்குள் செருகிய விமானத்தைக் கல்லெறிந்து இறக்க முயல்வோர் நுரையைத் துண்டுதுண்டாகவே பெறுவர். மரமேறும் தொழிலாளி ஒருவரின் நட்பு இருந்தால், முழுதாகவே கைக்கு வரும்.