சினமும் மருந்தும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஆசையும் அச்சமும் சினமும் உடன்பிறந்தவை. தொல்காப்பியர் எண்ணிச் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியும் ஒன்று. வள்ளுவப் பெருந்தகையோ அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் தந்ததோடு நில்லாமல், வெகுளாமைக்கென்று தனியே இன்னோர் அதிகாரமும் வகுத்தார். இவற்றையெல்லாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் பாடம் புரிந்தது சென்ற ஆண்டுதான். புரிய வைத்தவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட என் தந்தையார்.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கத்திலுள்ள அச்சங்குளம். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பட்டாசுதான் சோறு போடும். என் தந்தையார் பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். மருந்து என்றவுடன் நோய் தீர்க்கும் மருந்து என்று வெளியூர் நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியவற்றின் கலவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் ஊர் ஆலை ஒன்றில் நிகழ்ந்த வெடி விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நான் பள்ளி மாணவன். தந்தையார் வேறோர் ஆலையில் வேலை பார்த்ததால் தப்பினார். அன்று முதல், காலையில் அவர் சைக்கிள் போகும் ஓசை கேட்டால், மாலையில் அதே ஓசை திரும்பக் கேட்கும்வரை என் தாயாரின் முகத்தில் தெளிவு இராது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். முதலாண்டில் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம். அதற்கென எடுத்து வைத்திருந்த பணத்தை, அத்தை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் செய்முறையாகத் தந்தையார் செய்துவிட்டார். இரவு சாப்பிடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “படிக்காத உங்களுக்குப் படிப்போட அருமை எங்க தெரியப்போகுது?” என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிதறிய சோற்றைத் தாயார் கூட்டி அள்ளினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பின் முதற்பயனாக இதைத்தான் செய்தேன்.

விடிந்து எழுந்தபோது சைக்கிளைக் காணவில்லை. நெஞ்சில் சுருக்கென்றது. இரவெல்லாம் உறங்காமல் புரண்ட மனிதர், நொந்த மனத்தோடு மருந்து அறைக்குள் நுழைந்திருப்பார்! அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. எங்கோ கதவு அடித்தாலும் திடுக்கிட்டபடி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கெல்லாம் சைக்கிள் திரும்பி வந்தது. “ஏங்க, வேலை இல்லையா?” என்றார் தாயார்.

“போர்மேன்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரி தூக்கமில்ல, மனசும் சரியில்ல. கை நிதானமா இல்லாதப்ப மருந்துல கை வைக்கக் கூடாது. பக்கத்துல நாலு குடும்பத்து ஆளுக இருக்காக” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பணத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன்யா. சாயங்காலம் வந்துரும்” என்றார்.

அன்றைய கூலி போயிற்று. மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை. சைக்கிளை வாங்கி நிறுத்தினேன், அவ்வளவுதான் முடிந்தது.

வெடியுப்பு தனியே எரியாது. கரி, அடுப்பில் அமைதியாக எரியும். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் கலந்துவிட்டாலோ ஒரு பொறி போதும். எங்கள் வறுமை தனியே இருந்தவரை வெடிக்கவில்லை. அதோடு என் கர்வம் கலந்தது, வெடித்தது. தந்தையார் மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள செப்புத் தகட்டைக் கையால் தொடுவார். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். அவர் சினமே வராத மனிதர் அல்லர். அதை இறக்கி வைக்கத் தெரிந்தவர். இறக்க முடியாத நாளில் உள்ளே போகாதவர்.

அடக்கம் என்பது அநீதிக்குத் தலை வணங்குவதன்று. விபத்துக்கெல்லாம் தொழிலாளியின் கையே காரணம் என்பாரையும் நான் ஒப்பேன். அறையில் அளவுக்கு மீறிய ஆட்களை அடைத்தது யார், அளவுக்கு மீறிய மருந்தை வைத்தது யார் என்று கேட்கத்தான் வேண்டும். 2021 விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. அப்படிக் கேட்பதற்குச் சினமும் வேண்டும். ஆனால் அது நிதானமான கையில் இருக்க வேண்டும். நானோ, கேட்க வேண்டிய இடத்தில் வாய் மூடியிருந்து, எனக்காக உழைப்பவரிடம் வாய் திறந்தேன்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். கற்ற சொல் நம் நாவில் இருக்கிறது. கல்லாத பெற்றோர் நம் எதிரில் இருக்கிறார்கள். பேசுமுன் ஒரு கணம் அந்தச் செப்புத் தகட்டைத் தொட்டுக்கொள்வோம். பட்டம் பின்னர் வரட்டும். இந்தப் பாடத்தில் முதலில் தேறுவோமாக!