ஷேடு கார்டில் இல்லாத சிவப்பு

ஞாயிறு, இரவு

"கீமோ குடுத்துத்தானுங்க எங்க பெரியத்தை போச்சு" என்று சொல்லிவிட்டு, காபியையும் குடித்துவிட்டுக் கிளம்பினார் ஒருத்தர். நல்ல மனுஷர்தான். ஹார்லிக்ஸும் ஒரு கிலோ ஆப்பிளும் கொண்டுவந்திருந்தார். இந்த வாரம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேரிடம் இப்படி ஒரு பெரியத்தையோ சித்தப்பாவோ இருந்தார்கள். பிழைத்தெழுந்து மறுபடி பனியன் கம்பெனிக்குப் போகிறவரைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. பிழைத்தவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதும் இல்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்குமே.

நாளைக்குக் கோவையில் எனக்கு முதல் கீமோ. வந்திருப்பது லிம்ஃபோமா, நிணநீர்க் கணுவில் வருகிற புற்று. மருந்துத் திட்டத்துக்குப் பெயர் ஆர்-சாப். 5 மருந்து, 21 நாளைக்கு ஒரு தடவை, 6 சுற்று. இந்த வகையில் பத்துக்கு ஆறு பேருக்காவது முழுசாகக் குணமாகிறது என்றார் டாக்டர். மனசு மிச்ச நாலு பேரோடு போய் உட்கார்ந்துகொண்டது.

எல்லோரும் "தைரியமா இருங்க" என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. உருப்படியாகக் கிடைத்தது சிஸ்டர் கொடுத்த ஒரே ஒரு தாள். எந்த நாள் வாந்தி வரலாம், எந்த நாள் வெள்ளையணு இறங்கும், எப்போது முடி கொட்டும், எதற்கு உடனே போன் பண்ண வேண்டும் என்று தமிழில் அச்சடித்தது. சாயப்பட்டறை லேப்பில் ரெசிபி கார்டு மாட்டியிருப்போமே, எத்தனை டிகிரியில் எத்தனை நிமிஷம் என்று, அதைப்போல. அதைப் பூஜை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள் மனைவி.

திங்கள், இரவு

முதலில் ஏறியது 'ஆர்', ரிட்டுக்சிமாப். முதல் தடவை சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார்களாம். அரை மணி நேரத்தில் பல் கிடுகிடுவென்று அடிக்கிற குளிர். சிஸ்டர் ஓடவில்லை, கத்தவில்லை. டிரிப்பை நிறுத்தினார், ஊசி ஒன்று போட்டார், கம்பளியை இழுத்துவிட்டார், குளிர் நின்றதும் இன்னும் மெதுவாகத் திறந்துவிட்டார். அவர் அவசரப்படாததைப் பார்த்ததில்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிறகு அந்தச் சிவப்பு மருந்து. கனத்த கையுறையும் முழு ஏப்ரனும் போட்டுக்கொண்டு சிரிஞ்சோடு வந்தார். அவர் கையில் படக்கூடாத சாமான் என் நரம்புக்குள் போகிறதே என்று நினைப்பு ஓடியது. கேட்டேவிட்டேன். "உங்களுக்கு இது தேவையானது, அளவு பார்த்துக் குடுக்கறோம். எனக்குத் தேவையில்லாதது, தினமும் தொடறேன்" என்றார். பட்டறையில் புதுப் பையன்களிடம் கையுறை போடச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்துவதும் இதற்குத்தானே. மருந்தை மெதுவாகத் தள்ளியபடி, "எரியுதாங்க? வலிக்குதாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் மருந்து. கொஞ்சம் எரிந்தாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணம் இல்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, ஓவர்லாக் டைலர், மார்பகப் புற்று, மூன்றாவது சுற்று. பீஸ் ரேட்டு வேலை, இ.எஸ்.ஐ. பிடித்ததே இல்லையாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில், வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை என்ற கணக்கில் ஓடுகிறது. "வாந்தி மாத்திரைய வாந்தி வர்றதுக்கு முன்னாலயே போட்டுருங்கண்ணா, வந்தப்பறம் போட்டுப் புண்ணியமில்ல" என்றார். இன்று கிடைத்ததிலேயே நல்ல யோசனை.

செவ்வாய்

காலையில் கழிப்பறையில் சிவப்பு. ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான், ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். இருபது வருஷமாக ஷேடு பார்க்கிற புத்தி எங்கே போகும்? ஆரஞ்சுப் பக்கம் சாய்கிற சிவப்பு. எங்கள் ஷேடு கார்டு எதிலும் இல்லை.

மகள் பி.ஃபார்ம் இரண்டாம் வருஷம். அந்தச் சிவப்பு மருந்து, டாக்சோரூபிசின், வந்த கதையைச் சொன்னாள். 1950-களில் இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்தில் மண் எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்த ஒரு நுண்ணுயிர் பளீரென்ற சிவப்பு நிறமியைச் சுரந்தது, அந்த வழியில் வந்த மருந்து இது. நேற்றைய இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின் அதைவிடப் பக்கம்: நம் வீட்டு வாசலில் பூத்திருக்கிற நித்தியகல்யாணி. சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று கனடாவில் அதன் இலையைச் சோதித்தார்களாம். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளையணு இறங்கிவிட்டது. "அப்ப அந்த எலையவே அரச்சுக் குடிச்சாப் போதாதா?" என்றாள் என் அக்கா. "அத்தை, மூட்டை மூட்டையா எலை போட்டாத்தான் துளி மருந்து தேறும். கூடவே வேற விஷமெல்லாம் வயித்துக்குள்ள போகும். யாரும் அதுல கை வைக்காதீங்க" என்று மகள் போட்ட போட்டில் பப்பாளி இலைச் சாறு, முள்சீத்தா யோசனைகளும் சேர்ந்து அடங்கிவிட்டன.

"சாயத்தாலதான் வந்துச்சுங்களா?" என்று மனைவி டாக்டரிடம் கேட்டதையும் எழுதிவைக்கிறேன். வீட்டில் எல்லோர் மனசிலும் இருந்த கேள்வி, கேட்டது அவள் மட்டும். ஒரு தனி ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சாயத்தொழிலில் நிரூபணமானது சிறுநீர்ப்பைப் புற்றுதான். 1895-லேயே பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாய ஆலைக்காரர்களிடம் அதைக் கண்டு எழுதிவிட்டார். அந்த வகை பென்சிடின் சாயங்கள் நம் நாட்டில் 1993-இல் தடையாகிவிட்டன. அதே பிராங்க்பர்ட்டில் சில வருஷம் கழித்து பால் எர்லிக் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்: ஒரு சாயம் ஒரு வகை உயிரணுவில் மட்டும் பிடித்து மற்றதில் பிடிக்காமல் போகிறதே, அப்படிப் பிடிக்கிற மருந்து கிடைக்காதா என்று. 1904-இல் டிரைப்பான் சிவப்பு என்ற சாயத்தால் எலிகளின் நோயைத் தீர்த்தும் பார்த்தார். கீமோதெரபி என்ற பெயரே அவர் வைத்தது. எனக்கு இது ஆறுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் பருத்தியில் பிடித்துப் பாலியஸ்டரில் பிடிக்காத சாயத்தோடு காலம் தள்ளியவனுக்கு, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட விஷயத்துக்குப் பயம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது.

வியாழன்

வாந்தி இல்லை. வாடைதான் ஆகவில்லை. மனைவி ஆசையாக வைத்த அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் வாடை தூக்கியடித்தது. ஆறவைத்து, நெய் இல்லாமல், எலுமிச்சை ஊறுகாயோடு இறங்கியது. வாயெல்லாம் இரும்பு ருசி. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், மருந்து சிறுநீர்ப்பையில் தங்கிப் புண்ணாக்காமல் இருக்க.

வாய்ப்புண் வராமலிருக்கத் தினமும் பலமுறை கொப்பளிக்க உப்பும் சோடாவும். கேட்டதும் சிரித்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க மூட்டை மூட்டையாக டையிங் மெஷினில் கொட்டிய சாமான்! (வீட்டில் போடுவது சமையல் சோடா, அது சோடா ஆஷ். பட்டறைக்காரர்கள் யாராவது படித்தால் குழம்ப வேண்டாம்.)

இரவு இரண்டு மணிக்குக் கண் கொட்டக்கொட்ட விழித்திருக்கிறேன், பசி வேறு. பிரெட்னிசோலோன் வேலை. முதல் 5 நாளுக்கு மட்டும்.

சனி

மாத்திரை நேற்றோடு நின்றது. இன்று எழுந்திருக்கவே முடியவில்லை.

புதன், பின்னிரவு

தாளில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்த வாரம். 7-ஆம் நாளிலிருந்து 14 வரை வெள்ளையணு அடிமட்டத்தில் கிடக்கும். மனைவி வாசலிலேயே சேர் போட்டு உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களையெல்லாம் அங்கேயே பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படியிருந்தும் சாயந்திரம் உடம்பு காந்தியது. தெர்மாமீட்டர் 100.6.

"ஒரு டோலோ போட்டுட்டுப் படுக்கட்டும், காலைல பாத்துக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டில். மகள் தாளை நீட்டினாள்: 100.4-க்கு மேல் போனால் மாத்திரை போட்டு மறைக்கக் கூடாது, எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. கோவைக்குப் போன் போட்டதில், ஐம்பது கிலோமீட்டர் வந்துகொண்டிருக்க வேண்டாம், திருப்பூரிலேயே பக்கத்தில் சேர்த்து, கீமோ அட்டையைக் காட்டி, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்றச் சொல்லுங்கள் என்றார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று வரிசையில் உட்காரவைத்தபோது மகள் அட்டையை மேஜைமேல் வைத்து, "எங்கப்பாவுக்கு கீமோ பத்தாம் நாளுங்க" என்றாள். அடுத்த நிமிஷம் கட்டில் கிடைத்தது.

இப்போது டிரிப் ஓடுகிறது. பயம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பயம் இல்லை. அது சுவரெல்லாம் பரவியிருந்தது. இது அடுத்த டெம்பரேச்சர் எத்தனை என்பதோடு நின்றுவிடுகிறது.

செவ்வாய்

காய்ச்சல் விட்டு வீடு வந்தாச்சு. இன்று சம்பளக் கணக்கு. 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்தபோது மளிகைக் கடைப் பாக்கி வைத்தவன் நான். அந்தப் பயம் எனக்கு நோயைவிடப் பழக்கமானது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் விசாரித்ததில், சாதாரண நோய்க்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் அவர்களுடைய 34 நீண்டகால நோய்கள் பட்டியலில் வருவதால், இரண்டு வருஷம் தொடர்ந்து சந்தா கட்டியிருந்தால் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைகூட நீட்டலாம். பயாப்சி ரிப்போர்ட்டும் டாக்டர் சான்றும் வேண்டும். சம்பளத்தில் பிடிக்கிற சந்தாவைத் திட்டாத தொழிலாளி இந்த ஊரில் கிடையாது, நானும் திட்டியவன்தான். அந்த ஓவர்லாக் அம்மாவுக்கு மருந்துக்கு அட்டை இருக்கிறது, வீட்டு வாடகைக்கு ஒன்றும் இல்லை.

சனி

தலையணையெல்லாம் முடி. சலூனுக்குப் போய் மொட்டையே போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் டீக்கடைக்காரர், "பழனிக்குப் போயிட்டு வந்தீங்களாட்ட இருக்குது, பஞ்சாமிர்தம் எங்கீங்க?" என்றார். கொங்குநாட்டில் ஆம்பளை மொட்டைக்கு விளக்கமே தேவையில்லை. அந்த ஓவர்லாக் அம்மா தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து போகிறார்.

திங்கள்

ரத்தத்தில் வெள்ளையணு ஏறிவிட்டது, இரண்டாவது சுற்று போடலாம் என்றார்கள். வின்கிரிஸ்டினால் விரல் நுனி மரத்துப்போகலாம் என்று தாளில் இருந்தது. வாந்தியையும் முடியையும்விட எனக்கு அதுதான் கவலை. துணியைத் தடவிச் சொல்லாதவனுக்கு லேப்பில் என்ன வேலை? அதனால் வீட்டில் கிடந்த கட்டிங் வேஸ்ட்டிலிருந்து துண்டுகள் வெட்டி, தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு மனைவி கொடுக்கக் கொடுக்கத் தடவிச் சொல்கிறேன்.

"சட்டைப் பட்டன் போட முடியுதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பட்டன் போடறேனுங்க. சிங்கிள் ஜெர்சி, ரிப், பிக்கே எல்லாம் தெரியுது. ரெண்டு நாளா இன்டர்லாக்குக்கும் சிங்கிள் ஜெர்சிக்கும்தான் தடுமாறுது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்டர்லாக்குன்னா?"

பையிலிருந்து துண்டுகளை எடுத்து மேஜைமேல் பரப்பினேன். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இரண்டையும் அவரும் மாற்றித்தான் சொன்னார். அட்டையில் 'விரல் நுனி, லேசாக' என்று குறித்துக்கொண்டு, இன்னும் கூடினால் அந்த மருந்தின் அளவைக் குறைக்கலாம், அடுத்த தடவையும் துணியைக் கொண்டுவாருங்கள் என்றார்.