இரு பாகம், ஒரே ரோஸ்

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிய பிறகும் போளூரில் எங்கள் வீட்டுக்கு ஒரே முகப்புதான். தலைவாசலுக்கு இடப்பக்கம் அண்ணனுடையது, வலப்பக்கம் என்னுடையது. பெங்களூரில் இருக்கும் அண்ணன், காண்ட்ராக்டர் வைத்துத் தன் பாகத்துக்கு ரோஸ் கலர் அடித்துவிட்டார். அடுத்த ஆண்டு என் முறை. பத்திரத்தில் பிரிந்ததைத் தெருவே பார்க்கும்படி சுவரிலும் எழுதிவைக்க எனக்கு மனமில்லை. அதே ரோஸ்தான் வேண்டும் என்று நின்றேன். பங்கு பிரிந்தபின் அண்ணனும் நானும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சுவராவது ஒன்றாக இருக்கட்டும் என்ற ஏக்கம்தான் அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம்.

போன் செய்தேன். கம்பெனி பெயர் அண்ணனுக்கு நினைவிருந்தது, ஷேட் நம்பர் இல்லை. காலி டப்பாக்களும் போய்விட்டன. அந்தக் கம்பெனி பெயிண்ட் நான் வழக்கமாக வாங்கும் கடையில் கிடையாது. வேறு கம்பெனியின் ஷேட் கார்டைக் கடைக்காரர் நீட்டினார். ரோஸிலேயே பக்கம் பக்கமாக இருந்தது.

ஏசியன் பெயிண்ட்ஸ், பெர்ஜர், நெரோலாக், டியூலக்ஸ் என ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி எண். ஒன்றின் எண்ணை இன்னொன்றில் தேடிப் பயனில்லை. ஜெர்மனியில் 1927-ல் தொடங்கிய ரால் என்ற பொது நிற அட்டை போல, நம் நாட்டிலும் ஐ.எஸ். 5 என்று எனாமல் நிறங்களுக்குப் பொதுத் தரம் உண்டு. ஆனால் வீட்டுச் சுவருக்கு மெஷினில் கலக்கும் ஆயிரக்கணக்கான ஷேடுகள் அதற்குள் அடங்குவதில்லை.

எனக்கு வழிகாட்டியது மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-ல் சொன்ன முறை. எந்த நிறத்தையும் மூன்று கேள்வியில் பிடிக்கலாம்: எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு அழுத்தம். அப்படிப் பார்த்தபோது அண்ணன் பக்கத்துச் சுவர் நீலம் கலந்த ரோஸ்மில்க் நிறம் அல்ல, மஞ்சள் பக்கம் சாய்ந்த ரோஸ் என்று புரிந்தது. கார்டில் பாதிப் பக்கம் அப்போதே கழிந்தது.

பிறகு அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் சுவரின் மேல்பூச்சைக் கத்தியால் கீறி, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டு எடுத்தேன். ஸ்கேன் மெஷின் வைத்திருந்த திருவண்ணாமலைக் கடைக்குக் கொண்டுபோனேன். மெஷின் ஃபார்முலா சொன்னது. ஒரு லிட்டர் மட்டும் கலக்கச் சொல்லி, என் சுவரில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டேன்.

காலையில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சாயங்காலம் ஜவ்வாது மலைப் பக்கம் சரிந்த வெயில் விழுந்ததும் என் ரோஸ் தனித்துத் தெரிந்தது. எங்கள் பெயிண்டர் அண்ணாச்சிக்கு அதில் வியப்பே இல்லை. "செவப்பு வேறங்க, அதான்" என்றார்.

உண்மை அதுதான். ரோஸ் என்பது நிறைய வெள்ளையில் துளிச் சிவப்பு. அந்தத் துளி இரும்பு ஆக்சைடாக இருக்கலாம். கோயில் மதிலில் அடிக்கிற காவியும் அந்த இனம்தான், சற்று மங்கலாக இருந்தாலும் வெயிலைத் தாங்கும். இல்லை, பளிச்சென்ற கரிம நிறமியாக இருக்கலாம். அதில் சில வகைகள் வெள்ளையில் கலந்தால் சீக்கிரம் வெளுக்கும். இரண்டு வெவ்வேறு சிவப்பில் செய்த ரோஸ்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். திருவண்ணாமலைக் கடைக்காரர் ஆக்சைடு சிவப்புக்கு மாற்றிக் கலந்து தந்தார். சாயங்கால வேறுபாடு பெருமளவு மறைந்தது.

பெயிண்டர் இன்னும் இரண்டு சொன்னார். அண்ணன் சுவர் ஓராண்டு வெயில் தின்றது. பழைய ஷேட் நம்பரே கிடைத்திருந்தாலும் புதுப் பெயிண்ட் அதோடு சேர்ந்திருக்காது, அதனால் சுவர்த் துண்டுதான் சரியான சாட்சி. அடுத்தது, பளபளப்பும் ஒத்துப்போக வேண்டும். மேட் பக்கத்தில் ஷீன் இருந்தால் ஒரே நிறமும் இரண்டாகத் தெரியும். இரண்டு பூச்சும் சந்திக்கும் இடத்தைத் தலைவாசல் நிலையிலேயே முடித்தார். நடுவில் மரம் நிற்பதால் கண் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

வீடியோ காலில் அண்ணனுக்குக் காட்டினேன்.

"கிட்ட நின்னா தெரியுதாடா?"

"லேசா தெரியும்ணே."

"தெருவுலேர்ந்து தெரியலல்ல, போதும். அந்த ஃபார்முலாவ அனுப்பு. அடுத்த தடவ ரெண்டு பக்கத்துக்கும் அதையே அடிச்சிடலாம்."

அந்த ரோஸைத் தேடிய நாட்களில் பெயிண்டைச் சாக்காக வைத்து நாங்கள் பேசியது, முந்தைய ஓராண்டுப் பேச்சைவிட அதிகம். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனி, பெயிண்ட் வகை, பேஸ், ஷேட் நம்பர், ஃபார்முலா, தேதி எல்லாவற்றையும் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். அதே பெயிண்ட் பூசிய அட்டை ஒன்றை வெயில் படாமல் எடுத்துவையுங்கள். கம்பெனி மாற்ற நேர்ந்தால் பெயரையும் எண்ணையும் நம்பாதீர்கள். ஒரு லிட்டர் வாங்கி, உங்கள் சுவரில் அடித்து, காலை, மாலை, இரவு விளக்கு மூன்றிலும் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.