சேர்வராயனுக்குக் காட்ட வேண்டிய பிள்ளை

சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டின் கூடத்தில், பொங்கல் கழிந்த மறுவாரம், நான்கு நாள் மலைப் பயணத்துக்கான திட்டம் ஒன்று மேசைமேல் விரிக்கப்பட்டது. விரித்தவர் அவ்வீட்டின் ஒரே மகன். சென்னையில் பணி, வயது நாற்பத்தொன்று. தந்தைக்கு எழுபத்தெட்டு, தாய்க்கு எழுபத்திரண்டு. புதிதாகக் கார் வாங்கியிருந்த மகிழ்ச்சியில், பெற்றோரை முதன்முதலாக ஒரு நீண்ட பயணத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை.

திட்டம் அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் மேட்டூர், அந்தியூர் வழியாகச் சத்தியமங்கலம் சென்று, பண்ணாரி மாரியம்மனைத் தரிசித்துவிட்டுத் திம்பம் மலைச்சாலையில் ஏறுவது. மறுநாள் பந்திப்பூர், முதுமலை ஆகிய தேசியப் பூங்காக்களில் யானையையும் மானையும் காண்பது. அங்கிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக உதகை. நான்காம் நாள் குன்னூர் வழியே இறங்கித் திரும்புவது. கடைசி வரியில், ‘நேரம் இருந்தால் ஏற்காடு’ என்று எழுதியிருந்தது.

தந்தை அஞ்சல் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்திடாத பழக்கம் அவரிடம் இன்னும் போகவில்லை. பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் கொண்டை ஊசி வளைவுகளைக் கூட்டினார். திம்பத்தில் 27, கல்லட்டியில் 36, ஏற்காட்டில் 20. ஆக 83. குன்னூர் இறக்கம் இதில் சேராது. திம்பத்திலும் பந்திப்பூரிலும் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், ஓரிடத்தில் தாமதித்தால் அடுத்த இடம் கைநழுவிவிடும் என்பதையும் குறித்து வைத்தார். ஆனால் மகனின் முகத்தைப் பார்த்து, வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

அடுக்களையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்த தாய் ஒன்றே ஒன்று கேட்டார்.

“சேர்வராயன் என்னிக்கு?”

மகனுக்குக் கேள்வி விளங்கவில்லை. தந்தைக்கு விளங்கியது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. மணமாகி எட்டு ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்த அத்தம்பதியர், யாரோ சொன்னதைக் கேட்டுச் சேலத்திலிருந்து பேருந்தில் ஏற்காடு சென்றனர். அங்கிருந்து மலையுச்சிக் கோயில் வரை நடந்தே போனார்கள். குகைக்குள் குனிந்து நுழைந்த அந்தப் பெண், சேர்வராயன் முன்னும் அருகிருந்த காவேரியம்மன் முன்னும் நின்று வேண்டிக்கொண்டது பொன்னையோ பொருளையோ காணிக்கையாகத் தருவதாக அன்று. “பிள்ளை வந்தால் கொண்டுவந்து காட்டுகிறேன்” என்பதே. மறு ஆண்டே மகன் பிறந்தான்.

காட்டத்தான் முடியவில்லை. முதல் ஆண்டு குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த ஆண்டு ஐப்பசியில் புறப்பட நினைத்தபோது மழையில் மலைச்சாலை சரிந்திருந்தது. பிறகு கணவருக்கு வெளியூர் மாற்றல். மாமனார் படுக்கையில் விழுந்தார். பிள்ளைக்குத் தேர்வு, வேலை, கல்யாணம். கல்லூரிக் காலத்தில் அந்த மகன் நண்பர்களோடு இருமுறை ஏற்காடு சென்று ஏரியில் படகு விட்டுத் திரும்பியதுண்டு. அது கணக்கில் சேராது என்பது தாயின் தீர்ப்பு. தானே போவது வேறு. கொண்டுபோய்க் காட்டுவது வேறு.

நம் வீடுகளில் நேர்த்திக்கடன் தள்ளிப்போவது பெரும்பாலும் பக்திக் குறைவினால் அன்று. அருகில் இருக்கும் கோயிலுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணமே அதைத் தள்ளிப்போடுகிறது. காசிக்குத் தேதி குறிக்கிறோம். முப்பது கிலோமீட்டரில் இருக்கும் மலைக்குக் குறிப்பதில்லை. அந்த அம்மையாருக்கு இப்போது இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. ஐந்து படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். இனியும் தள்ளினால் எப்போது என்ற கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லார் மனத்திலும் அது இருந்தது.

அன்றிரவே மகன் பழைய தாளை மடித்து வைத்துவிட்டு, புதிய தாள் ஒன்றைத் தந்தையிடம் நீட்டினார். “நீங்களே எழுதுங்கப்பா” என்றார்.

அந்த மலைக்கு ஏற்காடு என்று பெயர் வந்தது ஏரியும் காடும் சேர்ந்து என்பர். மலைத்தொடருக்கோ தெய்வத்தின் பெயரே பெயர். சேர்வராயன் என்பதைத்தான் ஆங்கிலேயர் ஷெவராய் என்றனர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. சவுக்கைப் போல நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் படரும் மிளகுக் கொடியும், நிழலில் காப்பிச் செடியுமாக மலை இன்றைய தோற்றம் பெற்றது அதன் பிறகே. காப்பிக்கு வயது இருநூறு ஆண்டுகள்தாம். சேர்வராயன் அதற்கும் வெகு முன்பே அங்கு இருக்கிறான்.

அவனை வழிபட்டுக் காத்துவருபவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தவரைக் குறிக்கும் சொல் அன்று இது. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வதுண்டு. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. மூத்தவன் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவுள்ளவன் பச்சைமலைக்கும், இளையவன் கொல்லிமலைக்கும் சென்றனராம். அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்களின் மக்கள், மே மாதத் திருவிழாவில் இன்றும் அந்த உச்சியில் கூடுகிறார்கள். குகைக் கோயிலில் மலையின் தெய்வமாகச் சேர்வராயனும் ஆற்றின் தெய்வமாகக் காவேரியம்மனும் அருகருகே இருக்கிறார்கள். அக்குகை காவிரி வரை நீள்கிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. வானம் தெளிந்த நாளில் மலைமேலிருந்து மேற்கே நோக்கினால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடுபோல் தெரியும். சேலத்துக்காரர்கள் குடிப்பது அந்த நீர். அதை எண்ணிப் பார்க்கும்போது, குகைக்கும் ஆற்றுக்கும் உறவு சொன்னவர்களை மறுத்துப் பேசத் தோன்றுவதில்லை.

பெரியவர் திட்டம் எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முதலில் மாதம். சித்திரை, வைகாசியில் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் வரும் வண்டிகள் வளைவுக்கு வளைவு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மண்சரிவும். மாசியே ஏற்றது என்று முடிவாயிற்று. குளிரின் கடுமை குறைந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்து, கூட்டமில்லாத ஒரு புதன்கிழமையைக் குறித்தார்.

அடுத்தது உடம்பு. மருத்துவரிடம் சென்றனர். சேர்வராயன் கோயில் சுமார் 5,300 அடி உயரம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதால் அந்த உயரம் இவருக்குத் தடையில்லை என்றார் மருத்துவர். ஆனால் காலை மாத்திரையைத் தவறவிடக் கூடாது, படிகள் கூடாது, வளைவுகளில் தலைச்சுற்றல் வராதிருக்கப் புறப்படுவதற்கு அரைமணி முன் ஒரு மாத்திரை. இவ்வளவே. அதன்படி, பல படிகள் இறங்கி ஏற வேண்டிய கிளியூர் அருவி நீக்கப்பட்டது. கார் அருகிலேயே செல்லக்கூடிய ‘லேடீஸ் சீட்’ காட்சிமுனைக்கு அரைமணி ஒதுக்கப்பட்டது. தாய்க்கு முன் இருக்கை. வயிறு நிறைய உண்டுவிட்டு வளைவேறக் கூடாது என்பதால் அடிவாரத்தில் இரண்டு இட்லி மட்டும். மீதிச் சாப்பாடு மேலே. கம்பளிச் சால்வை, கூஜாவில் வெந்நீர், ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலி எதற்கு என்று மருமகள் கேட்டதற்கு, “இருக்கட்டும்” என்றார் பெரியவர். குகையின் வாய் எவ்வளவு தாழ்வு என்பது அவருக்கு நினைவிருந்தது.

வழியையும் அவரே வரைந்தார். அஸ்தம்பட்டி வழியாக அடிவாரம் சென்று, இருபது வளைவுகள் கொண்ட பெரிய சாலையில் ஏறுவது. கோயிலும் ஊரும் கண்டபின் குப்பனூர்ச் சாலையில் இறங்குவது. அயோத்தியாப்பட்டணம் வழியே வீடு சேர்வது. வரைந்து முடித்த பின்பே ஒன்றைக் கவனித்தார். அவ்வாறு சென்றால், ஏறுவது முதல் இறங்குவது வரை மலையின் தென்சரிவுகள் வலக்கைப் பக்கமே இருக்கும். சாலை போட்டவர்கள் அப்படி எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனாலும் தாளின் மேல் ‘வலம்’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கார் புறப்பட்டது. வளைவுகளில் எண் எழுதிய பலகைகளைப் பேத்தி உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். மதில் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகளுக்கு ஏதேனும் கொடுக்கலாமா என்று கேட்டவளை, அவை சாலைக்கு வந்து அடிபடும் என்று சொல்லி மகன் தடுத்தார். பத்தாம் வளைவுக்குமேல் காற்று குளிர்ந்தது. கீழே மக்னசைட் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கரடுகள் வெள்ளைத் திட்டுகளாய்த் தெரிந்தன. தாய் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. மடியில் இருந்த தேங்காய், பழக் கூடையை இரு கைகளாலும் பிடித்தபடி இருந்தார்.

மலையுச்சி அகன்ற சமவெளி. மரங்கள் குறைந்து புல்வெளி விரிந்து, காற்று தடையின்றி வீசும். முன்பு நடந்து வந்த வழியில் இப்போது கார் கோயிலுக்கு அருகிலேயே வந்து நின்றது. நாற்காலி இறக்கப்பட்டது. மகனின் தோளைப் பற்றிக்கொண்டு பத்து அடிக்கொருமுறை நின்று, தாய் குகை வாயில் வரை வந்தார். உள்ளே ஒரு விளக்கு எரிவது தெரிந்தது. குனிய முயன்றார். முழங்கால் மடங்கவில்லை. மறுமுறை முயன்றார், முகம் வெளுத்தது. பெரியவர் எதுவும் சொல்லாமல் நாற்காலியைக் குகைக்கு எதிரே விரித்து வைத்தார்.

“நீ வராம நான் மட்டும் போறதாம்மா?” என்றார் மகன்.

“காட்டறேன்னு சொன்னது உன்னைத்தான். என்னை அவனுக்குத் தெரியும். போ.”

கூடையை வாங்கிக்கொண்டு மகன் குனிந்தார். உயரமானவர், தாய் அன்று குனிந்ததைவிட அதிகமாகவே குனிய வேண்டியிருந்தது. வழுக்கை விழத் தொடங்கிய தலை இருளுக்குள் மறைந்தது. சற்று நேரம் ஓசையில்லை. பிறகு பூசாரி ஏதோ கேட்பதும், மகன் தயங்குவதும் மெல்லக் கேட்டன. தொடர்ந்து குகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா! என் நட்சத்திரம் என்ன?”

“அனுஷம்!” என்றார் தாய். அவ்வளவு உரத்த குரல் அவரிடம் மிச்சமிருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. “அனுஷம்னு சொல்லு!”

உள்ளே மணி ஒலித்தது. தாய் நாற்காலியில் இருந்தபடியே இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்.

மகன் வெளியே வந்தபோது நெற்றியில் குங்குமமும் முழங்காலில் ஈர மண்ணும் இருந்தன. அந்த மண்ணைத் தட்டிவிடப் போனவரைத் தாய் தடுத்தார். பிறகு புறப்படும் எண்ணமே அவரிடம் காணப்படவில்லை. அந்த இடத்துக்குப் பெரியவர் ஒதுக்கியிருந்தது முக்கால் மணி; அங்கே கழிந்தது இரண்டரை மணி. கொண்டுவந்த புளியோதரையை அங்கேயே பிரித்து உண்டனர். பேத்தி புல்வெளியில் ஓடிக் களைத்தாள். மேற்கே மூடியிருந்த பனி சிறிது விலகியபோது, தொலைவில் நீர் மின்னியது. அது மேட்டூர்தான் என்று பெரியவர் சொன்னார். மேகம்தான் என்று மருமகள் சொன்னாள்.

லேடீஸ் சீட் விடுபட்டது. ஏரியைக் காரிலிருந்தே பார்த்தார்கள். குப்பனூர்ச் சாலையில் இறங்கும்போது முன் இருக்கையில் தாய் உறங்கிப் போனார். பெரியவர் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, பார்க்காமல் விட்ட இடங்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் ஒன்று மட்டும் அடிபடாமல் நின்றது. அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில், அயோத்தி சேருமுன்பே இராமபிரான் பட்டாபிஷேகக் கோலத்தைக் காட்டியருளிய தலம் என்பது ஐதிகம். போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது.

“வீட்டுக்கே போயிடலாமாப்பா?” என்று மகன் கேட்டார்.

“திறக்கட்டும்” என்றார் பெரியவர். கோயிலுக்கு எதிரே இருந்த நிழலில் காரை நிறுத்தி, தாயின் உறக்கம் கலையாதபடி கதவைச் சாத்தாமலே வைத்துவிட்டு, மற்றவர்கள் காத்திருந்தார்கள்.